நடுவில் இருந்த குரல்

முல்லைத்தீவு, 4.5.1982

பிள்ளை இப்பத்தான் கண்ணயர்ந்தாள். இன்றைக்கும் பால் குடிக்கவில்லை. பல் முளைக்கிறதா, காய்ச்சல் வரப்போகிறதா?

நேற்று எங்கள் ஒலிப்பதிவுக் கடையில் மீனம்மாவின் பாட்டுகளைப் பதிந்து முடித்தோம். முத்தையன்கட்டுப் பக்கம் குடியேறிய மலையகத்துச் சனம் தங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு பாட்டுக் கசற் வேண்டும் என்று என் மனுசனிடம் கேட்டிருந்தார்கள். மீனம்மாவின் அண்ணன் பழனியாண்டி இடப்பக்கம் உறுமி, இவர் வலப்பக்கம் ஆர்மோனியம், மீனம்மா நடுவில். நூல் பிடித்து அளந்துதான் இருத்தினேன், இரண்டு மைக்குக்கும் ஒரே தூரம் இருக்கவேண்டும் என்று. பௌதிகம் படித்ததற்கு இதாவது மிச்சம்.

போட்டுக் கேட்டால் குரல் அறை முழுக்கப் பரவுகிறது. ஆனால் எங்கிருந்து வருகிறது என்று கை நீட்டிக் காட்ட முடியவில்லை. இவரிடம் சொன்னேன்.

"அதுதானப்பா ஸ்ரீரியோ எண்டுறது" என்றார்.

இருக்கலாம். ஏன் எனக்கு மனம் ஆறுதில்லை?

6.5.82

மாஸ்ரர் கசற் முடிந்தது. பிரதிகள் எல்லாம் இதிலிருந்துதான் எடுக்கவேண்டும், இதில் பிழைத்தால் எல்லாம் பிழை. இரண்டாம் பாட்டு மெலிந்து கிடந்தது, ஒலியைக் கூட்டினேன். நாலாவதில் உறுமி குத்துகிறது, தணித்தேன். பாட்டுகளுக்கிடையில் மூச்சு விடும் நேரம் ஒரே அளவு. இவருக்கு வலு திருப்தி. எனக்குத்தான் இல்லை. பிள்ளை வேறு சிணுங்கிக்கொண்டே இருந்தாள்.

7.5.82

பிள்ளைக்குக் காய்ச்சல். வேறொன்றும் எழுத மனமில்லை.

12.5.82

பழனியாண்டி வந்து கடை வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

நேற்றுக் கோயிலில் கசற்றைப் போட்டிருக்கிறார்கள். குழாய் ஒலிபெருக்கியில் உறுமி கேட்டதாம், ஆர்மோனியம் கேட்டதாம், மீனம்மா இல்லையாம். ஆழத்தில் யாரோ முனகுவதுபோல் ஏதோ. பக்கத்து ஊரில் இருந்து வந்தவர்கள், மீனம்மா சும்மா வாயை அசைத்துவிட்டு வந்தாளோ என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவள் அதற்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

"தோட்டத்து ஆளுக பாட்டுதானேன்னு கொரல வெட்டிப்புட்டு, ஒங்க வாசிப்ப மட்டும் வச்சுக்கிட்டீங்களா?" இவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

தண்ணீரூற்றில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் மஹ்றூப்பின் செட்டில்தான் கோளாறு என்று இவர் சொல்லி அனுப்பினார். எப்படி அவ்வளவு நிச்சயமாய்ச் சொன்னார்? திருவிழா திங்களன்று முடிகிறது.

13.5.82

வீட்டில் போட்டேன். குரல் இருக்கிறது! முழுசாய் இருக்கிறது. அப்ப ஆர் பொய் சொல்லுறது?

பின்னேரம் மஹ்றூப் வந்தார். கோபம்தான், ஆனாலும் கதிரையில் அமர்ந்து, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதைத்தார்.

"தங்கச்சி, நேத்து இதே செட்டிலதான் ஒரு கலியாண வீடு முடிச்சனான். ஒரு பாட்டுக்காரன்ர குரலும் காணாமப் போகேல்ல. உங்கட மனுசன் சொன்ன கதைக்குப் பிறகு என்னை ஆர் கூப்பிடுவினம்?"

இவர் குசினிக்குள், அடுப்பருகில் போய் நின்றுகொண்டார்.

14.5.82

பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மஹ்றூப் வீட்டுக்குப் போனேன். காய்ச்சல் விட்டுவிட்டது, இருந்தாலும் வழி முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அவருடைய அம்பிளிபயருக்கு ஒலி உள்ளே போக ஒரே ஒரு வாய். கசற் பெட்டியின் இடப்பக்கத்து வயரையும் வலப்பக்கத்து வயரையும் ஒன்றாய் முறுக்கிக் கொடுக்கிறார். போட்டார். மீனம்மா இல்லை. ஒரு வயரை இழுத்தேன், பாதியாவது கேட்குமா என்று.

குரல் வந்தது. முழுக் குரல். வயரை ஒட்டினால் போகிறது, இழுத்தால் வருகிறது. மஹ்றூப் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

பதிவுக்கு முதல்நாள் ஒரு மைக்கின் பிளக் கழன்றது. இடுப்பில் பிள்ளை கத்த, நான்தான் ஈயம் வைத்து ஒட்டினேன். இரண்டு கம்பிகளையும் மாறி ஒட்டியிருக்கிறேன். ஒரு பக்கத்து அலை எழும்பும்போது மற்றது தாழ்கிறது. ஒன்றாய்ச் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். வீட்டில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஒலிபெருக்கி, அதனால்தான் குரல் கேட்டது. ஓரத்தில் இருந்த உறுமியும் ஆர்மோனியமும் தப்பின. சரியாய் நடுவில் இருந்தவள் அழிந்தாள். நூல் பிடித்து இருத்தினேனே.

15.5.82

இவரிடம் சொன்னேன். மறுபடி பதிய நேரம் இல்லை, ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் புது மாஸ்ரர் செய்யவேண்டும்.

"எந்தப் பக்கம்?"

உறுமிப் பக்கம் என்றேன். அவளுடைய பாட்டு அந்த அடியில்தான் நடக்கிறது.

"அப்ப என்ர ஆர்மோனியம்?"

"தூரத்தில கேக்கும்."

ஆர்மோனியத்தை மூடினார். பிறகு, செட்டுக் கோளாறு என்றே இருக்கட்டும், கசற்றை மாத்திரம் மாற்றிக் கொடுப்போம் என்றார். ஏலாது என்றேன்.

16.5.82

மாஸ்ரர் முடிந்தது. இவர் என்னோடு கதைக்கவில்லை.

17.5.82

பஸ்ஸில் முத்தையன்கட்டுக்குப் போய் வந்தேன். மீனம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. பிழை என்னுடையது, கம்பி மாறிவிட்டது, மஹ்றூப்பில் குற்றமில்லை என்று சொன்னேன்.

"கம்பி மாறுனா எல்லாந்தானம்மா போகணும். எங் கொரலு மட்டும் எப்பிடிப் போச்சு?"

நீ நடுவில் இருந்தபடியால் என்றேன். சொல்லும்போதே பொய்போலப் பட்டது.

"நடுவுல ஒக்கார வச்சது நீங்கதான?"

ஓம் என்றேன். கசற்றைப் பழனியாண்டியிடம் கொடுத்தேன். பிள்ளைக்கு வெயில் என்று மீனம்மா தன் சேலைத்துண்டு ஒன்றைத் தந்தாள். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால், இரவு கோயிலில் போட்டதைக் கேட்கக் கிடைக்கவில்லை.

22.5.82

ஒரு செய்தியும் இல்லை. மஹ்றூப் வீட்டில் கேட்டனுப்பலாமா? வேண்டாம்.

20.6.82

மீனம்மா வந்தாள், அண்ணனோடு. இன்னொரு கோயிலுக்குப் பாட வேண்டுமாம். பாடி முடித்ததும் நான் கேட்கும்முன்பே சொன்னாள், குழாயில் போட்டுக் காட்டாமல் ஒரு பிரதியும் எடுக்கக்கூடாது என்று.

மஹ்றூப்புக்கு ஆள் அனுப்பினோம். குழாயை வாசல் பூவரசில் கட்ட இவர்தான் ஏறினார்; மஹ்றூப் கீழே நின்று, இடப்பக்கம், வலப்பக்கம் என்று விரட்டிக்கொண்டிருந்தார். இவர் சொன்ன பக்கமெல்லாம் நகர்த்திக் கட்டினார்.

மீனம்மா என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் குந்தியிருந்தாள். சைக்கிளில் போன இரண்டு பேர் இறங்கி நின்றார்கள். முதல் பாட்டு முழுவதும் போனது. நான் கதவைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்ததும் எழும்பி, பிள்ளையை என்னிடம் தந்தாள்.

"ம். இருக்கேன்" என்றாள்.