ஊதிக் காட்டுங்க

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

கோயம்புத்தூர் பார்ட்டி மாதக் கடைசிக்குள் பேண்டேஜ் துணி லோடு வேண்டும் என்று நிற்கிறது. ஞாயிறு ஷிப்ட் என்றால் ஆட்களுக்கு முகம் தொங்கிவிடும். வழக்கம்போல மிலிட்டரி கேண்டீன் ரம்மை மதியம் மேசையில் எடுத்து வைத்தேன். முகங்கள் நிமிர்ந்தன. பட்டாளத்தில் பனிமலையில் எங்களுக்கும் இப்படித்தான் கொடுத்தார்கள். ராஜபாளையத்தில் பனி எங்கே என்று என் மனைவி வெங்கடேஸ்வரி கேட்பாள். அவள் கேட்காத கேள்வி உண்டா?

ரோல் வெட்டும் மிஷினில் நிற்கும் வேல்பாண்டி மட்டும் ஒதுங்கினான். "வேண்டாம் சார். புரட்டாசியில நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை ஏறி பெருமாள்கிட்ட சத்தியம் பண்ணிட்டு விட்டுட்டேன்."

"ஏலே, ஒரு மூடிதானடா. உடம்பு வலிக்கு மருந்து."

நானே ஊற்றிக் கொடுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே குடித்தான். நல்ல வேலை நடந்தது இன்று.

பிப்ரவரி 13

வேல்பாண்டி திங்களிலிருந்து வரவில்லை. அவன் மனைவி மாரிசெல்வி பேக்கிங்கில் இருக்கிறாள். "எங்கம்மா அவன்?" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி பேக்கிங்கில் குனிந்துவிட்டாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வேல்பாண்டியின் வலது கையில் இரண்டு விரல். பிளேடு.

எழுத வரவில்லை.

பிப்ரவரி 19

எழுதித்தான் ஆகவேண்டும்.

நேற்றுக் காலை அவன் உள்ளே வரும்போதே வாடை அடித்தது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், "வந்துட்டியா, போய் நில்லு, லோடு போகணும்" என்றேன். செத்த நேரத்தில் சத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "குடிச்சிருக்கார். இவரை எப்படி மிஷின்ல விட்டீங்க?"

"எனக்குத் தெரியாது டாக்டர். வீட்டுலேயே குடிச்சிட்டு வந்திருக்கான்."

மாரிசெல்வி பின்னால் நின்றிருந்தாள். அவள் சேலையெல்லாம் அவன் ரத்தம். என்னை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கொஞ்சம் தைரியமாவது வந்திருக்கும்.

என்ன மனுசன் நான்? ஊத்திக் கொடுத்த கையி இது. போக வேண்டியது அவன் கையி இல்ல.

பிப்ரவரி 23, ஞாயிறு

மம்சாபுரத்தில் வேல்பாண்டி வீட்டுக்குப் போனேன். வேல்பாண்டி கட்டிய கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். "என்னால லோடு நின்னுபோச்சா சார்?" இதைக் கேட்கவா நான் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தேன்?

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். மாரிசெல்வி முடிக்க விடவில்லை.

"அவரு விட்ட பொறவு எம் பிள்ளைக அவர் பக்கத்துல படுத்துத் தூங்குச்சு சார். நீங்க ஊத்துன அன்னைக்கு ரெண்டும் எந்திரிச்சு எங்கிட்ட ஓடி வந்திருச்சு. அத எப்படித் திருப்பித் தருவீய?"

அவளே தொடர்ந்தாள்.

"அந்தச் சனியன் கம்பெனிக்குள்ள வரக்கூடாது. யாரா இருந்தாலும். அம்புட்டுத்தான்."

பிப்ரவரி 24, திங்கள்

எல்லாரையும் தறிக்கு முன்னால் கூப்பிட்டுச் சொன்னேன். நான்தான் ஊற்றினேன், நான்தான் தெரிந்தே மிஷினில் நிற்க வைத்தேன், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னேன். பிறகு டாக்டரிடமும் இ.எஸ்.ஐ. ஆபீசிலும் போய் அதையே சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

இனிமேல் பாட்டில் கிடையாது. கூல் லிப் புகையிலை, பான் மசாலா எதுவும் கிடையாது. குடித்து வந்தால் அன்று மிஷினைத் தொடக்கூடாது, வீட்டுக்குப் போகவேண்டும், வேலை போகாது. விட நினைப்பவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையது.

தறி ஃபிட்டர் தனுஷ்கோடி அண்ணாச்சி கேட்டார்: "யாரு சார் எங்க வாய மோந்து பாக்குறது?" சிரிப்பு.

"நான் பாக்கேன்" என்றாள் மாரிசெல்வி. சிரிப்பு நின்றது.

மார்ச் 21, வெள்ளி

தினமும் ஷிப்ட் தொடங்கும்போதெல்லாம் கேட்டில் நிற்கிறாள். "ஊதிக் காட்டுங்கண்ணே" என்கிறாள். முதலில் கேலி பண்ணினார்கள். இருவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். இன்று அவசர ஆர்டர், தனுஷ்கோடி அண்ணாச்சி காதோடு சொன்னார்: "பழைய மாதிரி ஒரு பாட்டில வச்சிப் பாருங்க சார், விடியறதுக்குள்ள முடிச்சிருவோம்."

முன்பு பாட்டில் இருந்த அலமாரிப் பக்கம் மனசு போகவில்லை என்று எழுத ஆசை. மனசு போனது. முடியாது என்றேன். ஆர்டரில் பாதி வேறு ஆளுக்குப் போய்விட்டது.

வெங்கடேஸ்வரி கேட்டாள்: "கம்பெனியில நிறுத்திட்டீய. வீட்டுல?"

அது வேறு என்றேன். வேறா?

ஏப்ரல் 30

வேல்பாண்டி மதுரை ஆஸ்பத்திரியில் குடியை விடும் சிகிச்சை முடித்து வந்துவிட்டான். பிளேடு பக்கம் விடவில்லை. நூல் கண்டுகளைப் பார்த்துக்கொள்கிறான். இடது கையால் முடிச்சுப் போடப் பழகுகிறான். அவன் பக்கமாக நடக்க வேண்டியிருந்தால் சுற்றிப் போகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். பழைய ரெஜிமென்ட் ஆட்கள். லாட்ஜ் ரூமில் கூப்பிட்டார்கள், போனேன். மூன்று மணிக்கு ஒருவர் காரில் கொண்டுவந்து கேட்டில் விட்டார். லாரிக்குத் துணி ஏற்ற வேண்டும், நான் இல்லாமல் நடக்காது என்று நினைப்பு.

மதிய ஷிப்டும் அப்போதுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மாரிசெல்வி நின்றிருந்தாள். நான் விறுவிறுவென்று நடந்தேன்.

"சார். ஊதிக் காட்டுங்க."

"ஏட்டி, நான் கல்யாணத்துக்குப் போய்ட்டு வாரேன்—" ஏட்டி என்று சொல்லிவிட்டேன். இதுவரை அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் அசையவில்லை. தறிகளுக்கு நடுவிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். தனுஷ்கோடி அண்ணாச்சி பார்த்தார். வேல்பாண்டி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான், எனக்காக.

ஊதினேன்.

"இன்னைக்கு வீட்டுக்குப் போங்க சார். நாளைக்கு வாங்க."

என் கம்பெனி, என் கேட். மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. திரும்பி ரோட்டில் நடந்தேன். லாரி எனக்கு எதிரே வந்தது. டிரைவர் ஹாரன் அடித்து, ஏறிக்கொள்ளுங்கள் என்று கை காட்டினான். வேண்டாம் என்று நடந்தேன்.

ஜூன் 7

போகக் கால் வரவில்லை. போனேன். கேட்டில் வாயைத் திறந்து ஊதினேன். "ம், போங்க சார்" என்றாள். "நேத்து அப்படிக் கூப்பிட்டது தப்பும்மா" என்றேன். தலையாட்டினாள். துணியை அவர்களே ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

ஜூன் 9, திங்கள்

காலையில் தனுஷ்கோடி அண்ணாச்சி போன் பண்ணினார்.

"சார், காச்சல்னு சொல்லலாம்னுதான் போன எடுத்தேன். காச்சல் இல்ல. நேத்து கொஞ்சம் அதிகமாயிருச்சு. இன்னைக்கு வரல."

"சரி அண்ணாச்சி. நாளைக்கு வாங்க."

அவர் போனை வைக்கவில்லை.

"சார், அந்த மதுரை ஆஸ்பத்திரி... அது எங்க இருக்கு?"