மூன்றாம் குறிப்பு

செவ்வாய், இரவு.

இன்று சபைப் பெண்கள் கூட்டத்தில் ஒரு பழைய குறுநாவலைப் பற்றி நான் பேசினேன். எங்களுக்கு எதைப் பேசினாலும் பிரசங்கம் மாதிரி மூன்று குறிப்பு வேண்டும். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனேன்.

கதையில், கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. மனைவி தினமும் இரண்டு பேருக்கு உலை வைக்கிறாள். அவள் அழுதாள் என்று எழுத்தாளர் ஓரிடத்திலும் எழுதவில்லை. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினாள் என்று மட்டும் எழுதுகிறார். அந்த வரியை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். பிறகு மூன்றாம் குறிப்புக்கு வந்தேன். கடைசிப் பக்கத்தில் அவரே சொல்லும் பாடம்: பொறுமைதான் பெண்ணுக்கு அழகு.

பக்கத்து வீட்டு லில்லி எழுந்தாள். துபாய்க்குப் போன அவள் புருஷன் போன் பண்ணியே ஒரு வருஷம் ஆகிறது.

"அக்கா, கடைசிப் பக்கத்த எழுதினது வேற ஆளா?"

யாரோ சிரித்தார்கள். தலைவி அவசரமாக ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

வெளியே வந்ததும் லில்லி கேட்டாள். "அந்தப் புக்கத் தருவியளா? சோத்துல தண்ணி ஊத்துற இடத்த இன்னொருக்க படிக்கணும்."

எழுதியவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அத்தனை பக்கம் அந்த மனைவியோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மனுஷன், கடைசியில் எங்களைப் போலவே மூன்றாம் குறிப்பைத் தேடிவிட்டார்.

கிழிக்க மனசில்லை. கடைசித் தாளை உள்ளே மடித்துக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். ஊசியை எடுப்பதும் எடுக்காததும் லில்லி பாடு.