முன்வரிசையில் ஒரு காலியிடம்

மார்ச் 11, 1958, செவ்வாய்

கோழித் தீவனம் எடுக்கக் கொட்டகையைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் டாய்லின் கார் அப்படியே நிற்கிறது. முப்பத்துநாலாம் வருடத்து இரண்டு கதவுக் கூபே. குளிர் தொடங்கியதிலிருந்து உட்கார்ந்து தகரத்தைத் தட்டி நிமிர்த்தினார், கறுப்பு பெயின்ட் அடித்தார். மட்கார்டுகளைக் கழற்றிச் சுவரில் மாட்டினார், பந்தய மண் தடத்தில் அதெல்லாம் இடைஞ்சல் என்று. இதில் ஒரு பந்தயம்கூட ஓட்டவில்லை. ஜனவரியில் பருத்தி ஆலையில் நின்றுகொண்டிருந்த மனுஷன் கீழே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

கோழிக்குத் தீவனம் போடாமலே வீட்டுக்குள் வந்துவிட்டேன். மறுபடி போனேன்.

மார்ச் 13, வியாழன்

கொழுந்தன் வெண்டல் ஒருவரைக் கூட்டிவந்தான். கிரான்டால் என்று பெயர். சினிமாக் கம்பெனிக்குப் பழைய கார் வாங்கிக் கொடுக்கிறவராம். வெள்ளை ஷூ. கோழிகள் அதையே சுற்றிச் சுற்றி வந்தன.

"காரை வச்சு என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"கல்குவாரியில படம் எடுக்கிறோம்மா. மேலேயிருந்து தள்ளி விடணும்."

"உடைஞ்சிருமே."

"உடையலன்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிருவாங்க."

வெண்டல் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "சும்மா நின்னா துருப்பிடிச்சுதான் போகும் அண்ணி. தினம் அதைப் பாத்துட்டுக் கோழியப் பட்டினி போடுறீங்க."

பொய் இல்லையே அது. காரைத் தருகிறேன் என்று கிரான்டாலுக்குக் கை கொடுத்துவிட்டேன். எங்கள் சந்தில் லாரி திரும்பாது. அதனால் வருகிற வாரம் சனிக்கிழமை பந்தய மைதானத்தில் வைத்து ஏற்றிக்கொள்வாராம்.

மார்ச் 15, சனி

வெண்டல் வீட்டார் சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஏதோ பழைய படம். ஒரு கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. "ஐயோ, அந்தக் கதவு" என்று யாரோ கத்தினார்கள். முன்சீட்டு அம்மாள் திரும்பி முறைத்தபிறகுதான் தெரிந்தது, கத்தியது நான்.

டாய்ல் இப்படித்தான். படத்தில் ஆட்கள் வரிசையாகச் சுடப்பட்டுச் சாவார்கள், இவர் கடலை மென்றுகொண்டிருப்பார். கார் விழுந்தால், சாவு ஊர்வலம் போவதுபோல், தொப்பியைக் கழற்றிவிடுவார். ஒருநாள் கேட்டே விட்டேன். "சினிமாக்காரன் உடைச்சா பாவம். நீங்க வாராவாரம் வேலியில கொண்டுபோய் மோதுறது விளையாட்டா?"

"அது வேற, ஓர்ஃபா. நான் மோதும்போது கூட நானும் இருக்கேன். இது தன்னந்தனியா விழுது பாரு" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

கை கொடுத்தாயிற்று. எங்கள் ஜனம் பஞ்சத்தில் ஓக்லஹோமாவிலிருந்து இங்கே வரும்போது மெத்தையையும் சொன்ன சொல்லையும்தான் கட்டிக்கொண்டு வந்தது. மெத்தை எப்போதோ கிழிந்துவிட்டது. இருக்கிற ஒன்றையும் நான் விடுவதா? ஆனால் தன்னந்தனியாக விழுமே — நான் என்ன செய்ய?

மார்ச் 19, புதன்

நான் வேலைபார்க்கிற, பெட்டியில் ஆரஞ்சு அடுக்குகிற இடத்தில் இன்று எல்லாம் தப்புத் தப்பாக அடுக்கினேன். மேஸ்திரி திட்டினார். ஒரு சுற்று. ஒரே ஒரு சுற்று மண்ணில் ஓடிவிட்டுப் போகட்டும் அந்தக் கார்.

மார்ச் 23, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. சிரித்தால் விலா இன்னும் வலிக்கிறது, சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

நேற்றுதான் சீசனின் முதல் பந்தயம். "கேலரியில வந்து உக்காருங்க அண்ணி, மறந்துராதீங்க" என்று வெண்டல் இரண்டு தடவை சொன்னான். எதற்கு என்று சொல்லவில்லை. நான் கேலரிக்குப் போகாமல் காரை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டேன். "லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்திக்கிறேன்" என்று கெஞ்சினேன். கேட்டில் நின்றவர் என் முகத்தைப் பார்த்தார். "இப்ப மெதுவாத்தான் போறாங்க. பெல்ட்டைப் போட்டுக்கிட்டுக் கடைசியில சேந்துக்கோம்மா" என்றார்.

வரிசைக்கு இரண்டு காராகப் போய்க்கொண்டிருந்தார்கள். பார்த்தால், முன்வரிசையில் உள்பக்க இடம் காலி. எவனுக்கோ இன்ஜின் மக்கர் பண்ணிவிட்டது போல என்று நினைத்தேன். காலியிடம் கண்டால் நுழைந்துவிட வேண்டும் என்பார் டாய்ல். நுழைந்தேன். தாண்டிப் போகும்போது ஓட்டுநர்கள் எல்லாரும் கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

இறந்துபோன ஓட்டுநருக்காக சீசனின் முதல் நாளில் அந்த இடத்தைக் காலியாக விட்டு ஒரு சுற்று மெதுவாகப் போவார்கள். எத்தனை வருடமாகப் பார்க்கிறேன். இந்த வருடம் அது யாருக்கு என்று எனக்குத் தோன்ற வேண்டாமா? மரமண்டை. டாய்லுக்கு விட்ட இடத்தில் டாய்லின் காரையே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

கேலரி முழுக்க எழுந்து நின்றது. கொடி காட்டுகிற ஓட்டிஸ் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசை நிரம்பியிருக்கிறது. பந்தயம் தொடங்கலாம் என்று பச்சைக் கொடியை வீசிவிட்டார்.

அவ்வளவுதான், பின்னாலிருந்து எல்லா இன்ஜினும் ஒன்றாக உறுமியது. ஓரம் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. என் கால் அழுத்தியது. கார் பாய்ந்தது பாருங்கள் — வாயெல்லாம் மண், முதல் வளைவில் வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது, நான் என்னவோ கத்திக்கொண்டே இருக்கிறேன். இரண்டாவது வளைவில் எவனோ பின்னால் இடித்தான். பலகை வேலி எதிரே வந்தது.

ஜன்னல் வழியாக நானே ஏறி வெளியே வந்தேன். வெண்டல் ஓடிவந்தான், முகம் சுண்ணாம்பு மாதிரி.

"அண்ணி, ஒண்ணும் ஆகலியே?"

"ஆகல. எத்தனாவதா வந்தேன்?"

"வேலிக்கு நீங்கதான் முதல்ல வந்தீங்க."

ஓட்டிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "இருபது வருஷப் பழக்கம்மா. முன்வரிசை நிரம்புனா கை தானா எந்திரிச்சிருது. அதைப் போய் நான் எங்க கட்டிப்போட?"

பிறகு கிரான்டால். காரைச் சுற்றி வந்தார். வெள்ளை ஷூ இப்போது செங்கல் நிறம். காரின் மூக்கு உள்ளே போயிருக்கிறது, ஒரு கதவு மடங்கியிருக்கிறது.

"இது எனக்கு வேண்டாம்மா."

"தள்ளித்தானே விடப்போறீங்க?"

"உடைஞ்ச காரை நான் எப்படிம்மா உடைக்கிறது? விழுறவரைக்கும் பளபளன்னு இருக்கணும். அன்னைக்குப் பேசின பேச்சை விட்ருவோம், உங்களுக்குச் சம்மதம்தானே?"

கையை நீட்டினார். அவர் மனசு மாறுவதற்குள் பிடித்துக் குலுக்கினேன். அவர் போனபிறகு வேலியில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். கல்லறையில் வராத அழுகை. வெண்டல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நல்ல பிள்ளை.

மார்ச் 29, சனி

பந்தயத்துக்குப் போகவில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தது, இன்ஜின் சத்தம் சமையலறை வரை கேட்டது. ரொட்டியைக் கருக்கிவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கதவை நிமிர்த்த வெண்டல் கற்றுக்கொடுக்கிறான். தகரத்தைவிட என் கட்டைவிரலில்தான் அடி அதிகம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று பெண்கள் பந்தயம். வெண்டல் கேலரியில் இருந்தான். கேட்டில் அதே ஆள்.

"ஓட்டுறது யாரும்மா?"

காருக்குள் என்னைத் தவிர யாரும் இல்லை. என் பெயரைச் சொன்னேன்.

"முன்வரிசையில உள்பக்கம் உனக்குன்னு வச்சிருக்காங்க" என்றார்.

"அது வேண்டாங்க. கடைசி வரிசையில விடுங்க. முந்திப்போறதுக்கு நாலு பேர் வேணாமா?"