ஜூன் வரை முடி என்னுடையது அல்ல

சிட்னி
11 பிப்ரவரி 1996

அன்புத் தங்கை வாசிடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் மாடலாக வேண்டும் என்று எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். உனக்கு வேறு வேலையே தோன்றவில்லையா என்று கேட்க நினைத்தேன். மூன்று வருஷமாக இந்தத் தொழிலில் பிழைக்கிறவள் அதைக் கேட்டால் நன்றாக இருக்காது.

ஹோட்டலில் தங்கியிருக்கும் அந்த ஆள், ஆல்பம் எடுக்கப் பணம் கட்டினால் ஆஸ்திரேலியாவில் வேலை என்றானாமே. அவன் பக்கமே போகாதே. நல்ல ஏஜென்சி உனக்கு வேலை வாங்கித் தந்து அதில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். முதலிலேயே கை நீட்டுகிறவனின் பிழைப்பு வேறு.

படத்துக்கு ஸ்டூடியோ வேண்டாம். நம் தேவாலயத்தின் வெள்ளைச் சுவர் போதும். காலை வெளிச்சத்தில், முகத்தில் ஒன்றும் பூசாமல், உடம்போடு ஒட்டிய கறுப்பு பனியன் போட்டு நில். தோள் தெரியும், அதனால் சிசிலியா அத்தை தோட்டத்துக்குப் போன பிறகு எடு. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலை முதல் கால் வரை ஒன்று. முடியை விரித்துவிட்டு ஒருமுறை, இறுக்கிக் கட்டி ஒருமுறை. பின்னால் உன் உருவம் மாறினால் பழைய படத்தைக் காட்டி ஏமாற்றாதே, புதிதாக எடுத்து அனுப்பு.

அளவுகளில் பொய் வேண்டாம். வந்த புதிதில் நான் இடுப்பை ஒரு அங்குலம் குறைத்துச் சொன்னேன். பதினைந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க டேப்பை எடுத்துச் சுற்றினார்கள். அன்றைக்குப் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

எதிலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதே. வீட்டுக்கு எடுத்துப்போய், விவரம் தெரிந்த ஒருவரைப் படிக்கச் சொல். உன் காகிதங்களை யார் கையிலும் விட்டு வைக்காதே, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

கடைசியாக ஒன்று. கையெழுத்துப் போட்ட பிறகு உன் முடி உன்னுடையது அல்ல. ஒரு விரல்கடை வெட்டவும் அவர்களைக் கேட்க வேண்டும். எனக்கு ஒரு ஷாம்பு கம்பெனி வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் முடியும்வரை கத்தரி படக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஏஜென்சியில் எனக்கு வேலை பிடித்துத் தரும் டீனா, "நம்ம கிட்ட இருக்கிற ஒரே தீவுப்பொண்ணு நீ"ன்னு எல்லோரிடமும் சொல்கிறாள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

அப்பாவின் கால் வீக்கம் குறைந்ததா?

உன் அக்கா
லோசா

*

கோலோவாய், டோங்கா
25 பிப்ரவரி 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அத்தை தோட்டத்திலிருந்து பாதியில் திரும்பிவிட்டாள். "என்னடி இது, பனியனோட சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிற? பல்லி மாதிரி இருக்க. உங்க அக்காதான் ஒட்டடைக்கம்பாப் போனா, நீயாவது நாலு கிழங்கு தின்னு மனுஷியா இரு"ன்னு ஆரம்பித்து மாலைவரை நிறுத்தவில்லை. அளவுகளைப் பின்னால் எழுதியிருக்கிறேன். இடுப்பில் பொய் இல்லை.

அப்பாவுக்குக் குறையவில்லை. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேங்காயெண்ணெயைக் கொண்டுவரச் சொல்லி எனக்குத் தலை பின்னிவிட்டார். பாதியில் கை தளர்ந்துவிட்டது. அம்மா போனதிலிருந்து பதினோரு வருஷம் நம் இருவருக்கும் பின்னிய கை. "மூத்தவளுக்கு யாரு பின்னி விடறாங்க?" என்று கேட்டார். அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது என்றேன். வெகுநேரம் சிரித்தார்.

நீ எப்போது வருகிறாய்? ஈஸ்டருக்கு என்று எழுதாதே. அவ்வளவு நாள் தாங்காது.

உன்
வாசிடி

*

சிட்னி
8 மார்ச் 1996

வாசிடி,

படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. டீனாவின் மேஜையில் வைத்துவிட்டேன், இன்னும் பார்க்கவில்லை.

ஷாம்பு படப்பிடிப்பு பதினெட்டிலிருந்து இருபது வரை. முடிந்ததும் வருகிறேன். அப்பாவிடம் சொல், காத்திருப்பார். அவர் பிடிவாதம் நமக்குத் தெரியாததா.

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அதற்குள் ஏதாவது நடந்துவிட்டால், துக்கத்துக்கு நம் முடியை வெட்ட அத்தை கத்தரிக்கோலை எடுப்பாள். உன் படத்தில் முடி இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் உன்னைக் கூப்பிடுவார்கள். அழு, காய்ச்சல் என்று படுத்துக்கொள், என்ன வேண்டுமானாலும் செய், தலையைக் கொடுக்காதே. இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சைக் கேள்.

லோசா

*

கோலோவாய்
2 ஏப்ரல் 1996

அக்கா,

உன் கடிதம் வந்த மறுநாள் அப்பா போய்விட்டார். பாதிரியார் வீட்டுத் தொலைபேசியில் நான் சொன்னபோது, விமானத்தில் இடம் இல்லை என்று அழுதாய். நானும் அழுதேன். நம்பித்தான் அழுதேன்.

ஊரே வந்தது. செத்தவரின் பிள்ளைகள் செய்கிற முறைப்படி, கிழிந்த முரட்டுப் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, முடியை விரித்துப் போட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவிடம் போனார்கள்.

பத்தாம் நாள் அத்தை கத்தரிக்கோலோடு கூடத்தில் உட்கார்ந்தாள். தகப்பன் செத்தால் பிள்ளைகளின் முடி அத்தை கைக்குப் போக வேண்டும் என்பது உனக்கு மறந்திருக்காது.

"மூத்தவ எங்கடி?"

"விமானத்துல இடம் கிடைக்கலையாம் அத்தை."

"பத்து நாளாவா கிடைக்கல?"

நீ சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். "என்னையும் விட்டுடுங்க அத்தை. படம் அனுப்பியிருக்கேன். முடி இருந்தாத்தான் எடுப்பாங்களாம்."

அத்தை கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. "என் தம்பி பதினோரு வருஷம் யாருக்குடி பின்னி விட்டான்? சிட்னிக்காரனுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் போய் உட்கார்ந்தேன். முதலில் தோள்வரை வெட்டினாள். எழுந்திருக்கப் போனேன். "இரு. அது உன்னுது. ஒரு தலைதான் வந்திருக்கு, ரெண்டு பேருதையும் இதுலதான் எடுக்கணும்" என்று சொல்லி ஒட்ட வெட்டினாள். வெட்டும்போது அவளும் அழுதாள்.

உருவம் மாறினால் புதுப் படம் அனுப்பச் சொன்னாய். இத்துடன் வைத்திருக்கிறேன். அதே சுவர், அதே பனியன். டீனாவிடம் கொடுத்து என்ன சொல்கிறாள் என்று எழுது. எனக்கு இனி இருப்பது அந்த வேலை ஒன்றுதான்.

வாசிடி

*

சிட்னி
20 ஏப்ரல் 1996

அன்பு வாசிடிக்கு,

உன் படத்தைப் பார்த்து மனசு உடைந்துபோனேன். டீனாவிடம் காட்டினேன். மொட்டைத் தலையோடு இங்கே யாருக்கும் வேலை இல்லை, வளரட்டும், ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்றாள். நான் அவ்வளவு தூரம் எழுதியும் நீ கேட்கவில்லை. போகட்டும்.

தினமும் எண்ணெய் வை. நல்லதாக ஒரு தலைத்துணி அனுப்புகிறேன், தேவாலயத்துக்குக் கட்டிக்கொள். படப்பிடிப்புக்குப் பின் உடம்பு சரியில்லாததால் பயணம் தள்ளிப்போகிறது.

லோசா

*

கோலோவாய்
5 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு,

தலைத்துணி வந்தது, அழகாக இருக்கிறது. ஒரு வருஷம்தானே, காத்திருக்கிறேன். போன கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ இல்லையென்றால் என் படத்தை யார் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள்? அத்தை பாய் முடைய உட்கார வைத்திருக்கிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
வாசிடி

*

சிட்னி
19 மே 1996

வாசிடி,

உன் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டாவது படத்தைப் பார்த்ததும் டீனா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "இது யாரோட தலை? உடனே வரச் சொல்லு" என்றாள். உன் முகம் இப்போதுதான் தெரிகிறது என்றாள். அன்றைக்கே உன் பெயருக்கு ஒப்பந்தமும் விசாவுக்கான கடிதமும் அடித்து, உனக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். கொடுக்கும்போதே, "உன் ஷாம்பு வேலையும் ஜூன்ல முடியுதுல்ல. தீவுப்பொண்ணு ரெண்டு பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்று சிரித்தாள்.

அந்த உறையை ஒரு மாதமாக என் துணி அலமாரியில் வைத்திருந்தேன். ஒரு வருஷம் என்று அவள் சொல்லவில்லை, நான் சொன்னேன். எனக்கு உடம்புக்கும் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா இறந்த வாரம் விமானத்தில் இடம் இருந்தது. அத்தையின் கத்தரிக்கோலுக்குப் பயந்துதான் வரவில்லை. படப்பிடிப்பில் மூன்று நாளும் ஒருத்தி என் பின்னால் நின்று தலை வாரினாள். நான் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

உறை இத்துடன் இருக்கிறது. ஜூன் முதல் தேதி சனிக்கிழமை விமானத்தில் வருகிறேன். கம்பெனி என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும். அத்தையிடம் கத்தரிக்கோலைத் தீட்டி வைக்கச் சொல். என்னுடையதை என் தலையிலேயே எடுக்கட்டும்.

லோசா

*

கோலோவாய்
27 மே 1996

லோசாவுக்கு,

தபாலில் போட்டால் நீ கிளம்புவதற்குள் சேராது. நாளை சிட்னிக்கு வரும் பாதிரியார் மனைவியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உறை வந்தது. நீ சொல்லிக் கொடுத்தபடி அன்றைக்கே கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து, இதே அம்மாளைப் படிக்கச் சொல்லி, பிறகுதான் போட்டேன். அவர் அதை நேராக டீனா கையில் கொடுப்பார். என் காகிதங்களை யார் கையிலும் விட்டு வைக்காதே என்று நீ எழுதியபோது, அந்த 'யார்' என்பதில் உன்னை நான் சேர்க்கவில்லை. விசா வந்ததும் கிளம்புவேன். அங்கே உன் அறையில் தங்க மாட்டேன்.

அத்தைக்கு உன் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன். பாய் முடைந்துகொண்டே கேட்டாள். "பத்தாம் நாளோட முடிஞ்சது. அன்னிக்கு வெட்டினது என் தம்பிக்கு. இப்ப அவ வெட்டிக்க நினைக்கறது அவ மனசு ஆற. அதுக்கு சிட்னியிலயே கடை இருக்கும்" என்றாள். உன்னுடையதை என் தலையிலேயே எடுத்தாகிவிட்டது, இன்னொரு தடவை எடுக்க முடியாது என்றும் சொல்லச் சொன்னாள்.

அதனால் முடியை வெட்டாமல் வை, வேலையாவது மிஞ்சும். வருவதானால் வா. வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பால் ஊற்றி, உனக்குப் பிடித்த மாதிரி இறைச்சி கட்டி வைப்போம். வெளியூர் விருந்தாளி வந்தால் விரிப்போமே, பெட்டியில் இருக்கும் அந்தப் புதுப் பாய், அதை அத்தை காலையிலேயே எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள்.

வாசிடி