நீ கொடுத்துவிட்டுப் போன வண்டி

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். 'நலம்' என்று எழுத வந்தேன், கை ஓடவில்லை. போனில் பேசினால் நீ இரண்டே வார்த்தையில் என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

முதலில் அம்மாவைப் பற்றி. தோள்பட்டை எலும்பு கூடி வருகிறது என்று டாக்டர் சொல்கிறார். இடது கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டிருக்கிறார்கள். டயாலிசிஸ் முறை தவறாமல் நடக்கிறது. சாப்பாடுதான் இறங்கவில்லை. முன்னறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறோம். உன் மாமா வேலைக்குக் கிளம்பும்முன் அவளுக்குத் தலையணை அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

விபத்து நடந்த விதம் உனக்குத் தெரியும். நீ கொடுத்த காரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மேட்டில் ஏறிப் பெரிய சாலையில் சேர்கிற இடம். வேகம் எடுக்க மிதித்தேன். எஞ்சின் விக்கியது, அப்படியே செத்தது. பின்னால் வந்த வேன் பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. அம்மா பின் சீட்டில் இருந்தாள்.

அன்று போனில் நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "டாஷ்போர்டுல வார்னிங் லாம்ப் எரிஞ்சிருக்கும்க்கா, நீதான் கவனிச்சிருக்க மாட்ட" என்றாய். நான் நம்பினேன். அம்மா வலியில் முனகும்போதெல்லாம், பாவி, கண் முன்னால் எரிந்த விளக்கைக் கூடப் பார்க்கத் துப்பில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மாமாவின் முகத்தைப் பார்க்கக் கூசினேன்.

மனது கேட்காமல் உன் பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நொறுங்கிய வண்டியை அங்கேதான் இழுத்துப் போட்டிருந்தார்கள். உன்னோடு ஒரே டூல் பெட்டியில் கை போட்ட மொட்டையன்தான் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தான். பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். எதையோ சொல்லத் தயங்குகிறான் என்று அப்போதே தெரிந்தது. கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன்.

இந்த எஞ்சினில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்களாம். அதற்குப் பெரிய அழுத்தம் வேண்டுமாம். அதைக் கொடுக்கத் தனியாக ஒரு பம்ப். அழுத்தம் எவ்வளவு என்று ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் எவ்வளவு மிதிக்கிறேன், எவ்வளவு காற்று உள்ளே போகிறது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் இன்ஜெக்டரை எந்த நொடியில் திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று அது முடிவு செய்யும். பம்ப் தளர்ந்து அழுத்தம் குறைந்தால், இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்துச் சமாளிக்கும். சமாளிப்பு எல்லை மீறினால் லாம்பைப் போடும், வேகத்தைக் கட்டிப்போடும், கடைக்குக் கொண்டுபோ என்று சொல்லும். இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ செய்து வந்த தொழில்.

நம் வண்டியில் பம்ப் வெகு நாளாகவே தளர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்குச் சொல்வதை மட்டும் யாரோ அதன் புரோகிராமுக்குள்ளே போய் நிறுத்தியிருக்கிறார்கள். சாவி போட்டதும் லாம்ப் ஒரு நொடி மின்னி அணையும். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நான் கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"லாம்ப் தானா நின்னது இல்லக்கா. இதைச் செய்யத் தெரிஞ்சவன் எங்க கடையில ஒருத்தன்தான் இருந்தான்" என்றான் மொட்டையன். என் முகத்தைப் பார்க்காமல் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சத்தியமாக அப்படித்தான் இருந்தேன். கையைத் தூக்க முடியாதவளுக்குத் தலை வாரிவிடும்போது என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"தெரியும்டி" என்றாள்.

நீ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே அவளிடம் சொல்லியிருக்கிறாய். "பம்ப் கொஞ்சம் வீக்கா இருக்கு, அங்க போனதும் ஆள் விட்டு மாத்திடறேன், அக்காகிட்ட மூச்சு விடாத" என்று. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "வண்டி சரியில்லைன்னா நீ என்னை வச்சுக்க மாட்டேன்னு தம்பி சொன்னான். எனக்கும் பயமா இருந்துச்சு" என்றாள்.

சீப்பு அவள் தலையிலேயே நின்றுவிட்டது.

"அம்மாவ நீ பாத்துக்க, வண்டிய நீ வச்சுக்க" என்று நீ சாவியைக் கொடுத்தபோது, அக்கா பஸ்ஸில் அலைகிறாளே என்ற பாசம் என்றுதான் நினைத்தேன். தெருவில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். அது எனக்குப் போட்ட கூலி என்று எனக்குத் தெரியாது. பம்பைக்கூட விடு. கூலி இல்லாமல் பெற்றவளுக்குச் சோறு போடமாட்டாள் என்று என்னைப் பற்றி எப்போது முடிவு செய்தாய்? அதை அவளையும் நம்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே. இத்தனை நாள் என் வீட்டில் ஒரு வாய் காபி கேட்கக்கூட அவள் தயங்கியது எதனால் என்று இப்போதுதான் புரிகிறது. சர்க்கரை கூட வேண்டுமா என்று கேட்டால் 'இருக்கிறது போதும்' என்பாள்.

வண்டியைக் கழித்துக் கட்டச் சொல்லிவிட்டேன். நேற்று ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனோம். யாரோ ஒரு பெண் எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள். அம்மா வழியெல்லாம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் எங்கே இறங்கிப் போய்விடுவேனோ என்பதுபோல. என்ன சொன்னாலும் இப்போது நம்பமாட்டாள். இருந்து காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே, இனி நீ கூப்பிடமாட்டாயோ என்று போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் நீ பேச வேண்டாம், இப்போதைக்கு என்னாலும் முடியாது. அவளைக் கூப்பிடு. சாப்பிட்டாயா என்று அவள் உன்னைக் கேட்கும்முன், வலி எப்படி இருக்கிறது என்று நீ அவளைக் கேள்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுவலி வரும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. நன்றாக இரு.

அக்கா