தேயாத டயர்

அன்புள்ள மகளுக்கு,

நான் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் போன கடிதத்தில் தேதி இல்லை; இனிமேல் போடு.

மலைச் சைக்கிள்களை வாடகைக்கு விடும், நான் வேலை பார்க்கும் இந்தக் கடைக்கு ட்யூப் இல்லாத டயர்கள் வாங்க வேண்டியிருந்தது. முதலாளிக்கு எடை குறைந்தவைதான் பிடித்தன. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரு வகையையும் கல்பாதையில் ஓட்டிப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு நானும் நடந்து போனேன். முள் குத்திய ஓட்டையை உள்ளே ஊற்றியிருந்த பசை இரண்டிலும் அடைத்துவிட்டது. ஆனால் கூரான கல் உரசியதும் லேசான டயரின் பக்கவாட்டுப் பகுதி கிழிந்தது. கிழிசலை எந்தப் பசையும் அடைக்காது. திரும்பும்போது நான் கொஞ்சம் சறுக்கினேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"டயருக்குத்தானே மேடம் சோதனை, நீங்க ஏன் உருண்டீங்க?" என்றார் மெக்கானிக்.

தடித்த டயரே வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"இது ரெண்டு வருஷம் உழைக்கும். பிடிவாதமா வாங்க வெச்சுட்டு அடுத்த மாசம் ஊருக்குக் கிளம்பினா எப்படி? தேயற வரைக்கும் இருந்து நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

லேசானதற்குத் தலையாட்டியிருந்தால் உனக்குச் சொன்னபடி அடுத்த மாதம் ஊருக்கு வந்திருப்பேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் கிழிந்த டயரோடு மலையில் தனியாக நிற்க வேண்டியிருக்கும். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தடித்த அடியுள்ள என் காலணியை அனுப்பு. தபால்காரர் வாசலில் நிற்கிறார். மாப்பிள்ளை கேட்டபடியே பேரன் என் அறையில் படிக்கட்டும். கட்டிலை மட்டும் நகர்த்த வேண்டாம்.

அம்மா