கோரீனின் எட்டுத் தட்டு

1979 மார்ச் 5
மூட்டு இரண்டையும் உப்பு வெந்நீரில் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். பேப்பர்காரன் என்னை 'டேப் நடனச் சக்கரவர்த்தி' என்று எழுதியிருக்கிறான். சக்கரவர்த்திக்கு ஹார்லெமில் மூன்று மாடி ஏறவே மூச்சு வாங்குகிறது.

புது நிகழ்ச்சிக்கு எங்கள் பழைய நாற்காலி நடனம்தான் வேண்டுமாம். ஒத்திகையில் பாதியிலேயே கால் நின்றுவிட்டது. அடியில் தகடு திருகிய ஷூவால் தரையில் தட்டும் எட்டே எட்டுத் தட்டு, சுத்தமாக மறந்துவிட்டது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று குழுப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 6
வரவில்லை.

மார்ச் 9
எப்படி வரும்? நான் கட்டியதா அது?

1946இல் கோரீன் கட்டியது. அடுப்பில் சோளரொட்டியை வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கட்டினாள். அப்போது அவள் என் மனைவி, ஜோடியாக ஆடினோம். எங்கள் டேப் ஆட்டக்காரர்களிடையே அடுத்தவர் ஸ்டெப்பைத் திருடுவது குற்றமில்லை. ஒரு தட்டாவது மாற்றி ஆட வேண்டும், அவ்வளவுதான். நான் ஒன்றைக்கூட மாற்றவில்லை. இத்தனை வருடமும் 'நடன அமைப்பு: ஓசெல் பெட்வே' என்றே போட்டுக்கொண்டேன். அவள் விட்டுப் போனதே அதனால்தான்.

அலுப்பாக இருக்கிறது. கால் வலியைக்கூடத் தாங்கிவிடலாம் போல — இந்தப் பொய்யைத் தாங்க முடியவில்லை.

மார்ச் 11
ஞாயிறு. கோரீன் சர்ச் சமையற்கட்டில் கோழி பொரித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் கழித்துப் பார்க்கிறேன்.

"வாங்க சக்கரவர்த்தி! என்ன, பசியா?"

"அந்த எட்டுத் தட்டு மறந்துபோச்சு, கோரீன்."

கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "திருடினத எங்க வச்சோம்னே தெரியலயா? உனக்கு ஸ்க்ரூ கழண்டுடுச்சு ஓசெல். ஷூவச் சொல்லல."

நான் தலையை நிமிர்த்தவில்லை. "உன் பேரைப் போடச் சொல்றேன்."

"முதல்ல சொல்லு. அப்புறம் கால் ஆடும்."

மார்ச் 14
தயாரிப்பாளர், "யாரு சார் அந்தம்மா?" என்றார். நிகழ்ச்சித் தாளில் அவள் பெயர் இல்லாவிட்டால் நானும் இல்லை என்றேன். ஒத்துக்கொண்டார்.

மார்ச் 16
கோரீன் ஒத்திகைக்கு வந்தாள். அறுபது வயதில், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆடிக் காட்டினாள். அடப்பாவி, இதையா மறந்தேன்?

குழுவில் டெல்ஃபின் என்ற பெண், "இது யாரோட ஸ்டெப், மாஸ்டர்?" என்றாள்.

"இவங்களோடது."

சொல்ல ஒரு நொடிதான் ஆனது.

மார்ச் 23
இன்று முதல் காட்சி. காலையில் அச்சடித்த நிகழ்ச்சித் தாள் வந்தது. 'நடன அமைப்பு: திருமதி ஓசெல் பெட்வே, ஓசெல் பெட்வே.'

கோரீன் படித்தாள். "பாரு, என் பேரு இருக்க வேண்டிய எடத்துலயும் நீயே நிக்கற."

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

மறுபடி அச்சடிக்க நேரமில்லையாம். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நானூறு பிரதி. ஒவ்வொன்றிலும் அந்தத் 'திருமதி ஓசெல் பெட்வே'யை அடித்துவிட்டு, அவளுடைய சொந்தப் பெயரை எழுதினேன்: கோரீன் மேபரி. நான்கு மணிக்கு முடிந்தது. அவள் ஒன்றை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இன்று மூட்டு வலிக்கவில்லை. விரல்தான்.